யாரும் பூசாத வெண்மை

1971-இல் ஏர் இந்தியாவுக்கு வந்த முதல் போயிங் 747-க்குப் பேரரசர் அசோகரின் பெயர். பின்னால் வந்தவற்றில் ராஜேந்திர சோழனும் மகேந்திர வர்மனும் உண்டு. ஆனால் விமானத்தின் சிறு மாடல் செய்பவரைக் கட்டிப்போடுவது பெயரைவிட ஜன்னல்கள்தான். ராஜஸ்தான் அரண்மனை மாடங்களைப் போல ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு வளைவு. இவ்வளவு அழகான வண்ணக்கோலம் வேறு எந்த 747-க்கும் வாய்க்கவில்லை என்பேன்.

ஒன்றுக்கு 144 என்ற அளவில் அந்த 70 மீட்டர் விமானம் 49 சென்டிமீட்டராகச் சுருங்கும். நிஜத்தில் ஓர் அங்குல அகலமுள்ள கோடு 0.18 மில்லிமீட்டர் ஆகிவிடும். இரு பக்கமும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட வளைவுகளைக் கையால் தீட்ட இயலாது. டெக்கல்தான் ஒட்ட வேண்டும். தாளின்மேல் நீரில் கரையும் பசை, அதன்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய படலம், படலத்தில் அச்சு. நீரில் நனைத்தால் பசை கரைந்து, படலம் வழுக்கி மாடலுக்கு நகரும்.

தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. அடியிலுள்ள பெயின்ட் சொரசொரப்பாக இருந்தால், அதன் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு ஏறத்தாழ 1, படலத்துடையது 1.5-ஐ ஒட்டி இருக்கும். எண் மாறும் ஒவ்வோர் எல்லையிலும் ஒளியில் ஒரு பங்கு திரும்பிவிடும். எல்லைகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் எல்லா நிறங்களும் சிதறிக் கலந்து வெண்மையாகத் தெரியும். காசிமேட்டில் அலை நுரை வெளுப்பாக இருப்பதும் இதனால்தான்: நீருக்கும் நிறமில்லை, காற்றுக்கும் நிறமில்லை. ஆகவே டெக்கலுக்கு முன் பளபளப்பான வார்னிஷ் அடித்துப் பள்ளங்களை நிரப்புகிறார்கள். மீறிச் சிக்கிய காற்றை ஊசியால் குத்தி வெளியேற்றி, படலத்தை இளக்கும் திரவத்தைத் தடவினால் அது பரப்போடு படிந்துவிடும்.

இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் மாடல் செய்பவர்களுக்கு இன்னொரு வெண்மையும் காத்திருக்கிறது. டெக்கலின்மேல் அடிக்கும் லாக்கர் வார்னிஷில் உள்ள தின்னர், அதாவது கரைப்பான், வேகமாக ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று 28 பாகையிலும் ஈரப்பதம் 85 சதவீதத்திலும் இருந்தால், நீராவி நீராகப் படியத் தொடங்கும் பனிநிலை 25 பாகை. பரப்பு மூன்று பாகை குளிர்ந்தாலே போதும், கடலோரக் காற்றின் ஈரம் ஈர வார்னிஷின்மேல் நுண்துளிகளாக இறங்கிவிடும். துளிகள் காய்ந்த இடத்தில் நுண்ணிய வெற்றிடங்கள். மறுபடியும் அதே ஒளிச்சிதறல். விமானத்தின் வெள்ளை மேற்பகுதியில் இது கண்ணில் படாது. சிவப்பு வளைவுகளில் சாம்பல் பூத்ததுபோல அப்பட்டமாகத் தெரியும்.

நல்ல வேளையாக, இது பெரும்பாலும் மீட்கக்கூடிய பழுது. மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை மிக லேசாகத் தெளித்தால் லாக்கர் மீண்டும் இளகி, வெற்றிடங்கள் மூடிக்கொள்ளும். ஆனால் அதே தின்னர் அதிகமானால் டெக்கலையே கரைத்துவிடும். அதனால் வேண்டாத பிளாஸ்டிக் துண்டில் ஒரு டெக்கலை ஒட்டிச் சோதித்துப் பார்ப்பது அவசியம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் லாக்கரை முதலிலேயே ரிட்டார்டர் கலந்து அடிப்பது, அல்லது வெயில் ஏறிய மழையில்லா நாளுக்குக் காத்திருப்பது இன்னும் நல்லது.