ஹைப்போ என்றால் எந்த ஹைப்போ?

சில வருடங்களுக்கு முன்பு திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். கெமிக்கல் ஸ்டோருக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது சுவர்தான். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உரிய பாதுகாப்புத் தகவல் தாளை லேமினேட் செய்து வரிசையாக மாட்டியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே ஒரு அண்ணன் பிளாஸ்டிக் மக்கில் வெள்ளைத் தூளை அள்ளி எடை போட்டுக்கொண்டிருந்தார். மக்கின் ஓரத்தில் தண்ணீர் சொட்டு நின்றது.

"அது என்னங்கண்ணா?"

"ஹைட்ரோஸ் சார்."

"அதுல ஈரம் பட்டா என்னங்க ஆகும்?"

"கட்டி பிடிச்சுக்கும்."

அவர் சொன்னது தப்பில்லை, கட்டி பிடிக்கத்தான் செய்யும். ஆனால் ஈரம் பட்ட ஹைட்ரோஸ் உள்ளுக்குள் சூடேறும். மூடி வைத்த டிரம்முக்குள் அந்தச் சூடு ஏறிக்கொண்டே போனால், யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். கிளம்பும் புகையில் சல்பர் டை ஆக்சைடு இருக்கும், நெஞ்சை அடைக்கும். இதெல்லாம் அவர் தலைக்கு மேலேயே எழுதியிருந்தது, ஆங்கிலத்தில், 'சோடியம் டைதயோனைட்' என்ற தலைப்பில். அவர் பதினோரு வருடமாக அள்ளுவதோ ஹைட்ரோஸ். இரண்டும் ஒன்று என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

நிறைய இடங்களில் தகவல் நின்றுபோவது இந்தப் பெயரில்தான். பட்டறையில் புழங்கும் பெயர் ஒன்று, கேனில் இருப்பது இன்னொன்று, தாளில் இருப்பது வேறொன்று. 'ஹைப்போ'வையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பக்கம் கேட்டால் சோடியம் ஹைப்போகுளோரைட் என்பார்கள். அந்தக் குளோரினை முறிக்கப் போடுகிற சோடியம் தயோசல்பேட்டையும் ஹைப்போ என்றுதான் சொல்வார்கள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு ஹைப்போ! முதலாவதில் ஆசிட் கலந்தால் குளோரின் வாயு, இரண்டாவதில் கலந்தால் சல்பர் டை ஆக்சைடு. அசிட்டிக் ஆசிட் எடுத்த மக்கைக் கழுவாமல் அப்படியே ஹைப்போவுக்குள் விடுவது எத்தனை இடத்தில் நடக்கிறது என்று ஒரு ஷிப்ட் கூட நின்று பாருங்கள், தெரியும்.

பாதுகாப்புத் தாளில் 16 பகுதிகள் உண்டு. முதலுதவியும் கையுறை, கண்ணாடி பற்றிய பகுதியும் ஓரளவு படிக்கப்படுகின்றன. பத்தாவது பகுதியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எது எதோடு சேரக்கூடாது என்று இருப்பது அங்கேதான். ஹைட்ரஜன் பெராக்சைடு கேனில் துருவோ அழுக்கோ விழுந்தால் அது சிதைந்து ஆக்சிஜன் கிளம்பும், கேன் உப்பும். அதனால் மிச்சம் வந்ததைத் திரும்பக் கேனில் ஊற்றவே கூடாது. 'வீணாகாமல்' ஊற்றி வைப்பவர் நல்ல மனசோடுதான் செய்கிறார்.

காஸ்டிக், அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு விஷயம் இன்னும் கவலைக்குரியது, ஏனென்றால் அது உடனே வலிக்காது. ஆசிட் பட்டால் சுள்ளென்று எரியும், கையை உதறிவிடுவோம். காஸ்டிக் தண்ணீர் பட்டால் முதலில் வழவழவென்று சோப்பு மாதிரி இருக்கும். அந்த வழவழப்பு நம் தோலில் உள்ள கொழுப்பே சோப்பாக மாறுவதுதான். ஒரு அக்காவின் கழுத்தில் காஸ்டிக் செதில் ஒட்டி, வியர்வையில் கரைந்து, மதியம் வரை அரித்திருக்கிறது. வியர்க்குரு என்று நினைத்தாராம். அதன்மேல் யாரோ எலுமிச்சை தேய்க்கச் சொல்லியிருக்கிறார்கள், காஸ்டிக்குக்கு ஆசிட் முறிவு என்ற கணக்கில். தேய்த்ததில் புண் இன்னும் ஆழமானது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: உடையைக் கழற்றிவிட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாக, நிறைய நேரம் கழுவுவது. கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம். அந்தப் பைப் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே போகத் தெரிய வேண்டும், அந்த நேரத்தில் கண் தெரியாது.

லேபிளில் சிவப்புச் சாய்சதுரத்துக்குள் இருக்கும் எச்சரிக்கைப் படங்கள் எல்லாருக்கும் புரியும் என்று நம்பிவிடுகிறோம். மண்டையோடு புரிகிறது. கைமேல் சொட்டு விழுவது போன்ற அரிப்புப் படத்தைக் காட்டிக் கேட்டால், "கை கழுவணும்னு போட்டிருக்கு சார்" என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

1984 டிசம்பர் 2 இரவு போபாலில் மெத்தில் ஐசோசயனேட் என்ற விஷவாயு கசிந்தபோது மக்கள் மூச்சிரைக்க ஓடினார்கள். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளலாம் என்ற ஒரு வரி அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவில்லை. எந்த வாயு என்று மருத்துவர்களுக்கும் அப்போது தெரியவில்லை. அந்த வலியிலிருந்துதான் 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 1987-இல் திருத்தம் வந்தது. தான் கையாளும் பொருளின் ஆபத்தைத் தெரிந்துகொள்வது தொழிலாளியின் உரிமை, சொல்லவேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று அதில் எழுதினார்கள். அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய 1989 விதிகள் லேபிளையும் பாதுகாப்புத் தாளையும் கட்டாயமாக்கின. காகிதம் அப்போதே வந்துவிட்டது. தொழிலாளியின் காதுக்கு இன்னும் பல இடங்களில் போய்ச் சேரவில்லை.

கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியில் இறங்குகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது வாடையைப் பற்றி. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் தெரியாது. "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைக்கிற நிமிடம்தான் மிக மோசமான நிமிடம். ஒருவர் விழுந்தார் என்று பார்த்துக் காப்பாற்றக் குதிக்கிறவரும் விழுகிறார். மீட்டர் வைத்துப் பார்க்காமல் யாரும் தலையைக்கூட உள்ளே நீட்டக்கூடாது.

அப்புறம், காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் அசிட்டிக் ஊற்றி வைப்பது, ரசாயனம் வந்த காலி நீலக் கேனை வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்க விற்பது. இந்த இரண்டையும் நிறுத்துங்கள், இன்றைக்கே.

இப்போது நான் பயிற்சியில் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். ஷிப்ட் ஆரம்பத்தில் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு ரசாயனம். சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை. அதற்கு எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். "நாளைக்குப் புதுசா ஒரு தம்பி வர்றான், அவனுக்கு நீங்க என்ன சொல்வீங்க?" என்று கேட்கிறேன். அவர்கள் சொல்வதில் எது விடுபட்டதோ, அது நான் சரியாகச் சொல்லாதது. ஒவ்வொரு பொருளுக்கும் தனி நிறத்தில் மக்கு, அதில் பட்டறைப் பெயர், தமிழிலும் இந்தியிலும்.

அந்த முதல் பட்டறைக்கு ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போனேன். ஜார்கண்டிலிருந்து வந்த பையன் ஒருவன் கைக்குக் கிடைத்த மக்கை எடுத்துக்கொண்டு ஹைட்ரோஸ் டிரம்மைத் திறக்கப் போனான். அந்த அண்ணன் எட்டிப்போய் அவன் கையைப் பிடித்தார். மக்கின் அடியை விரலால் தடவி ஈரத்தைக் காட்டினார். "பானி," என்றார். டிரம்மைக் காட்டி, "ஆக்." தண்ணீர், நெருப்பு; அவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்ட இந்தி. பையன் மக்கைக் கீழே வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய மஞ்சள் மக்கை எடுத்தான்.