பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு போகும் எத்தனால்

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் மூன்று வாரம் வெளியே நின்ற தமது பைக் கிளம்ப மறுத்ததாகவும், மெக்கானிக் டேங்கிலிருந்து வடித்த பெட்ரோல் பாட்டிலில் இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றதாகவும் தக்கலை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். யாரோ தண்ணீரைக் கலந்து விற்றுவிட்டார்கள் என்பது அவரது சந்தேகம். டேங்கிற்குள் தண்ணீர் புகுந்திருப்பது உண்மைதான். ஆனால், அடியில் நின்றது வெறும் தண்ணீர் அன்று.

இப்போது நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால், அதாவது கரும்பிலிருந்தும் அரிசி, மக்காச்சோளத்திலிருந்தும் வடிக்கப்படும் எரிசாராயம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. எத்தனாலில் 21 மட்டுமே. எனவே கலவையின் ஆற்றல் சுமார் 7 சதவீதம் குறைகிறது. மைலேஜ் குறைவதற்கு இதற்கு மேல் மர்மம் தேவையில்லை.

உண்மையான வேடிக்கை தண்ணீர் சேரும்போதுதான் தொடங்குகிறது. எத்தனால் மூலக்கூறின் ஒரு முனை பெட்ரோலோடு இணங்கும். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் உள்ள மறுமுனை தண்ணீரைப் பற்றிக்கொள்ளும். சிறிதளவு தண்ணீர் வந்தால் எத்தனால் அதைத் தனக்குள் மறைத்துவைத்து, பெட்ரோலைத் தெளிவாகவே காட்டும். அளவு ஒரு வரம்பைக் கடந்ததும், அதுவரை பெட்ரோலோடு கிடந்த எத்தனாலில் பெரும்பகுதி தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். அளவுக் குடுவையில் 50 மில்லி எத்தனால் பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கிவைத்தால், அடியில் இருக்கும் அடுக்கு 10 மில்லியில் நிற்காமல் 20-ஐ நெருங்கி உயர்ந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். வெப்பம் குறையக் குறைய இந்த வரம்பும் சுருங்குமாதலால், மாலையில் தெளிவாக இருந்த கலவை விடியற்காலையில் கலங்கி நிற்கவும் கூடும்.

பழைய பெட்ரோலில் நாலைந்து துளி தண்ணீர் டேங்கின் மூலையில் வாளாவிருக்கும். இப்போது அதே தண்ணீர் எத்தனாலை இழுத்துப் பெருகி, எரிபொருள் குழாயின் வாயை எட்டிவிடுகிறது. இன்ஜின் உறிஞ்சுவது அந்த அடுக்கைத்தான். மேலே மிஞ்சிய பெட்ரோலோ, எத்தனாலை இழந்ததால் ஆக்டேன் எண் (அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனின் அளவு) குறைந்து, இன்ஜினைத் தட்டும் ஓசை எழுப்பவைக்கும். அடியில் தங்கும் கலவை உலோகத்தை அரிக்கும். எத்தனாலுக்கென வடிவமைக்கப்படாத பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் உப்பும். (நம் தோட்டங்களில் வெட்டும் இயற்கை ரப்பர் பெட்ரோலுக்கே தாங்காது என்பதால், இவை முன்பிருந்தே செயற்கை ரப்பர்தான்.)

எத்தனாலைப் "போக்கிவிடும்" என்று விற்கப்படும் குப்பிகளை நான் தாயத்தின் கணக்கில்தான் வைப்பேன். அந்தப் பணத்தைவிட, இரண்டு பருவமழையும் கடற்காற்றும் உள்ள குமரி மாவட்டத்தில் பழைய வண்டிகளை ஓராண்டு ஓடவிட்டுச் சோதிக்க இங்குள்ள பொறியியல் கல்லூரிகளுக்குச் சிறு நிதி கிடைத்தால் பயன் அதிகம்.

காற்றின் ஈரத்தைக் கலவை உறிஞ்சுவது மெதுவாகவே நடக்கும். மூன்று வாரத்தில் இந்த நிலையை உண்டாக்கப் பெரும்பாலும் மழைநீரே நேராக இறங்கியிருக்க வேண்டும். பைக்கின் டேங்க் மூடியைச் சுற்றித் தேங்கும் நீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும். தக்கலை வாசகர் முதலில் பார்க்க வேண்டியது, அது மண்ணடைத்துக் கிடக்கிறதா என்பதையும், மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்பதையும்.