தங்கம் எந்தக் கிழமை?

தமிழ் உரைகளைப் படித்துத் தகவல் எடுக்கக் கணினியைப் பழக்குவது என் வேலை. ஒரு நாள் கணினி தொகுத்த கிழமைகளின் பட்டியலைச் சரிபார்த்தபோது, ஞாயிறு, திங்களுக்குக் கீழே 'தங்கம்' இருந்தது. இரண்டு வரி தள்ளி 'பூமி'.

எப்படி வந்தது என்று தோண்டிப் பார்த்தேன். செவ்வாய், வியாழன், வெள்ளி மூன்றையும் நாங்களே கிழமைக்கு மாதிரியாகக் கொடுத்திருந்தோம். அவற்றோடு சேர்ந்து வரும் சொற்களையும் கணினி கிழமை என்றே எடுத்துக்கொள்ளும். கோள்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் 'பூமி, செவ்வாய், வியாழன்' என்று வரிசையாக வந்ததும் பூமியும் கிழமையாகிவிட்டது. 'தங்கம், வெள்ளி விலை' தினமும் வரும் செய்தி. வெள்ளியோடு ஒட்டிக்கொண்டு தங்கமும் உள்ளே வந்துவிட்டது. விட்டிருந்தால் தங்கம் அடுத்து பிளாட்டினத்தைக் கூட்டி வந்திருக்கும். ஒரு தப்பு அடுத்த தப்புக்கு விதையாவதுதான் இந்த வேலையில் எனக்குப் பெரிய பயம்.

அமெரிக்காவில், பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழுவினர் 2010 ஜனவரியில் ஓடவிட்ட 'நெல்' என்ற நிரலுக்கும் இதே கதிதான். இணையத்தை ஓயாமல் படித்துத் தானாகக் கற்க வேண்டும் என்று செய்யப்பட்டது அது. சொற்களை வகை வகையாகப் பிரிக்க, வகைக்குப் பத்துப் பதினைந்து மாதிரிகள் கொடுத்தார்கள். குக்கீ என்றால் பிஸ்கட், இணையத்தளங்கள் நம் கணினியில் சேமித்து வைக்கும் சிறு தகவலுக்கும் அதே பெயர். அந்த இணையக் குக்கீயை நெல் பேக்கரிப் பண்டம் என்று எடுத்துக்கொண்டது. 'குக்கீயை அழித்தேன்', 'ஃபைலை அழித்தேன்' இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால் கணினி ஃபைலும் பேக்கரிக்குள் போய்ச் சேர்ந்தது. முதல் ஆறு மாதம் அதன் போக்கில் விட்டார்கள். முக்கால்வாசி வகைகளை நன்றாகவே கற்றது, மீதியில் தடுமாறியது. அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வகைக்கு ஐந்து நிமிடம், மனிதர்கள் உட்கார்ந்து திருத்தினார்கள்.

தங்கம் கிழமையானால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். 'நம் தேசிய கீதம்தான் உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்தது' என்ற செய்தி அப்படியில்லை. பல வருடங்களாகச் சுற்றுகிறது, உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். யுனெஸ்கோ அப்படி அறிவிக்கவே இல்லை. ஆனால் யார், எதை, என்ன சொன்னார்கள் என்று வாக்கியம் கச்சிதமாக இருக்கிறது. கணினிக்குப் பிடித்தமான வடிவம். இருநூறு பக்கங்களில் அந்த வரி இருந்தால், எளிய நிரலுக்கு அது இருநூறு சாட்சி. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் நகலெடுத்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. அதனால் எண்ணுவதற்கு முன்பே ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கிவிடுகிறேன். நாலு சொல்லை மாற்றி எழுதியிருந்தால் அதுவும் சில சமயம் தப்பிவிடுகிறது.

தமிழில் எழுதுபவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 'நேற்று முதல்வர் அறிவித்தார்' என்று எழுதும்போது தேதியையும் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஐந்து வருடம் கழித்து அதைப் படிக்கும் கணினிக்கு எந்த நேற்று, எந்த முதல்வர் என்று தெரிய வழியில்லை. மனிதருக்கும்தான்.

எங்கள் மாதிரிப் பட்டியலில் இப்போது 'வெள்ளி' இல்லை. 'வெள்ளிக்கிழமை' என்று முழுதாக எழுதி வைத்திருக்கிறேன்.