பண்பின் பெயர் மேற்கோள்குறிக்குள் இருந்தால் கம்பைலருக்குக் கண் தெரியாது

மொரீஷியஸில் எழுதப்படும் நிரல்களில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்தே கிடக்கும். பழைய டேட்டாபேஸில் முகவரிக்குப் பிரெஞ்சுப் பெயர், அதாவது ஒரே ‘டி’, கடைசியில் ‘ஈ’. பின்னால் வந்தவர் எழுதிய கிளாஸில் ஆங்கிலப் பெயர், இரண்டு ‘டி’. ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த எபேனில் உருவாகும் சம்பளக் கணக்கானாலும் சரி, தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதியும் கோயில் சங்கத்து மென்பொருளானாலும் சரி, இந்தக் குழப்பம் எட்டிப்பார்க்கும்.

வரிசைப்படுத்தவோ வடிகட்டவோ ஒரு ஃபங்ஷனுக்கு இப்படிப்பட்ட பண்பின் (கிளாஸில் உள்ள முகவரி, ஊர் போன்ற புலத்தின்) பெயரை ஸ்ட்ரிங்காக, அதாவது மேற்கோள்குறிக்குள் வெறும் எழுத்தாக, அனுப்பினால் யாரும் அதைச் சரிபார்ப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் இல்லாத பண்பைக் கேட்டால் பிழை வராது, ‘அன்டிஃபைன்ட்’ (மதிப்பு எதுவும் இல்லை) என்றுதான் வரும். எழுதும்போது இன்னும் மோசம். பழைய முகவரி அப்படியே இருக்க, பக்கத்தில் வேறு எழுத்துக்கூட்டலில் இன்னொரு பண்பு முளைத்துவிடும். திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வரும், ரசீதோ பழைய வீட்டுக்கே போகும். பைத்தானிலும் ஸ்லாட்ஸ் (அனுமதிக்கும் பண்புகளின் பட்டியல்) போடாத கிளாஸில் எழுதும்போது இதே கதைதான்.

பண்பையே ஒரு மதிப்பாகக் கையாள விடும் மொழியில் இந்தத் தவறு கம்பைல் ஆகும்போதே, அதாவது நிரல் ஓடுவதற்கு முன்பே, பிடிபடும். ஸ்விஃப்ட் 4 (2017) கொண்டுவந்த கீபாத் நல்ல உதாரணம். \பக்தர்.முகவரி.ஊர் என்று எழுதினால் அது ஊரின் மதிப்பு அல்ல, ஊரை எட்டும் வழி. யாருடைய பண்பு, என்ன டைப் என்ற இரண்டும் அதிலேயே இருக்கின்றன. அதை மாறியில் வைக்கலாம், டிக்‌ஷனரிக்குச் சாவியாக்கலாம், இரண்டை ஒட்டி நீளமான பாதை அமைக்கலாம். கோட்லினில் இரட்டை முக்காற்புள்ளி கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்கிறது. ஜாவா 8-இன் மெத்தட் ரெஃபரன்ஸ் பாதி வழிதான்: படிக்கலாம், எழுதுவதற்கு மதிப்பை மாற்றும் மெத்தடான செட்டரைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

எங்கே சறுக்கும்? ஸ்விஃப்டில் பாதை நடுவே ‘மதிப்பு இல்லாமலும் இருக்கலாம்’ என்று சொல்லும் கேள்விக்குறி வந்தால் அது படிக்க மட்டுமே உதவும். அதன் வழியாக எழுத முடியாது. ‘எது மாறியது’ என்று பழைய பதிவையும் புதியதையும் ஒப்பிட, பல டைப் பண்புகளை ஒரே பட்டியலில் போட்டால் பார்ஷியல்கீபாத் ஆகிவிடும். அது தருவது ‘எனி’, அதாவது எந்த டைப் என்று தெரியாத மதிப்பு, நேரடியாக ஒப்பிட முடியாது. ஈக்வடபிள் (சமமா என்று ஒப்பிடக்கூடிய) மதிப்புள்ள கீபாத்தை வாங்கி, ஒப்பிடும் க்ளோஷரை (மதிப்பாகக் கையாளக்கூடிய ஃபங்ஷனை) திருப்பித் தரும் சிறிய ஜெனரிக் ஃபங்ஷன் எழுதி, அந்த க்ளோஷர்களைப் பட்டியலிடுங்கள்.

சி ஷார்ப்பில் வேறு பொறி. பண்பை எக்ஸ்பிரஷனாக (ஓட்டாமல் பிரித்துப் பார்க்கக்கூடிய நிரல் மரமாக) வாங்கி, திரும்பும் டைப்பை ‘ஆப்ஜெக்ட்’ என்று வைத்தால் பெயர் போன்ற எழுத்துப் பண்புக்கு வேலை செய்யும், தொகை போன்ற எண் பண்புக்கு உடையும். எண்ணைப் பெட்டிக்குள் போட கம்பைலர் மேலே ஒரு ‘கன்வெர்ட்’ முனையைச் சுற்றிவிடுவதுதான் காரணம். அதை உரித்த பிறகே உள்ளிருக்கும் பண்பைத் தேட வேண்டும்.

கோட்லினில் பண்பின் ‘நேம்’ மதிப்பையே டேட்டாபேஸ் பத்தியின் (நெடுவரிசையின்) பெயராகப் பயன்படுத்தும் சோம்பேறித்தனம் எங்கும் உண்டு. எடிட்டரில் யாரோ பண்பின் பெயரை மாற்றியதும் டேட்டாபேஸுக்குப் போகும் வினவல் வேறு பத்தியைத் தேடும், கம்பைலர் வாய் திறக்காது. எந்தப் பண்புக்கு எந்தப் பத்தி என்ற பட்டியலை ஒரே கோப்பில் வையுங்கள். பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் அங்கே மட்டும் இருந்தால் போதும்.

வேகம் பற்றியும் கேட்பார்கள். கீபாத் வழியாகப் படிப்பது நேரடியாகப் படிப்பதைவிட மெதுவாகலாம். திரையில் ஐம்பது வரி காட்டும்போது அந்த வித்தியாசம் தெரியாது. லட்சக்கணக்கில் சுற்றும் லூப்பில் அளந்து பார்த்துவிட்டு நேரடியாகவே எழுதுங்கள்.