20 எச்.பி.யா, 27 எச்.பி.யா: தென்னந்தோப்புக்கு எந்த மினி டிராக்டர்?

ஆனைமலைப் பக்கத்தில் நான்கு ஏக்கர் தென்னந்தோப்பும், அதில் ஊடுபயிராகக் கோகோவும் வைத்திருக்கும் வாசகர் ஒருவர், மினி டிராக்டர் வாங்கப் போவதாகவும், 20 எச்.பி. வண்டியா 27 எச்.பி. வண்டியா என்று மூன்று மாதமாக முடிவெடுக்க முடியாமல் இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். விற்பனையாளர் பெரியதை எடுக்கச் சொல்கிறார். மைத்துனர் சின்னதே போதும் என்கிறார். இருவரும் வாதிடுவது அந்த ஏழு எச்.பி.யை வைத்துத்தான். அந்த ஏழு எச்.பி. தோப்பில் எந்த வேலையில் பயன்படும், எந்த வேலையில் சும்மா கிடக்கும் என்று பிரித்துப் பார்த்துவிட்டால், இந்தக் கேள்விக்கு விடை காண்பது அவ்வளவு கடினமில்லை.

விசையை வேகத்தால் பெருக்கினால் திறன் என்பது பள்ளிப்பாடம். ஒரு குதிரைத்திறன், அதாவது ஒரு எச்.பி., 746 வாட் என்பதும் அங்கே படித்ததுதான். ஆகவே 20 எச்.பி. எஞ்சின் ஏறத்தாழ 15 கிலோவாட்டும், 27 எச்.பி. எஞ்சின் ஏறத்தாழ 20 கிலோவாட்டும் தரக்கூடியவை. ஆனால் இது எஞ்சின் கொடுக்கத் தயாராக இருக்கும் அளவு மட்டுமே. மண் எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பது வேறு கணக்கு.

எல்லாச் சக்கரங்களும் இழுக்கும் ஒரு ஃபோர் வீல் மினி டிராக்டரின் எடை 650 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓரளவு இறுகிய தோட்ட மண்ணில் இப்படிப்பட்ட வண்டி தன் எடையில் ஏறத்தாழப் பாதி அளவு விசையோடு இழுக்கும். அதற்கு மேல் இழுக்கச் சொன்னால் சக்கரம் வழுக்கிச் சுற்றத் தொடங்கிவிடும். அதாவது 325 கிலோ விசை, நியூட்டனில் சுமார் 3,190. மரங்களுக்கு நடுவே உழும்போது மணிக்கு 4 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட முடியாது என்பதால், இந்த விசையை நொடிக்கு 1.1 மீட்டரால் பெருக்கினால் வருவது மூன்றரை கிலோவாட், அதாவது ஐந்து எச்.பி.க்கும் சற்றுக் குறைவு. சக்கர வழுக்கல், டயர் உருளும் தடை, கியர் உராய்வு எல்லாவற்றையும் சேர்த்தாலும் எட்டு எச்.பி.யைத் தாண்டாது. 20 எச்.பி. வண்டியிலேயே பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்போது 27 எச்.பி. வண்டி உழவில் என்ன கூடுதலாகச் செய்துவிட முடியும்? இரண்டு மாடல்களும் ஏறத்தாழ ஒரே எடையில் இருந்தால், ஐந்து கொத்துக் கலப்பையை இழுப்பதில் அவற்றுக்குள் வேறுபாடே தெரியாது. அதே எஞ்சினை ஆயிரம் கிலோ உடம்பில் பொருத்தினால் கதை மாறும். காரணம் எஞ்சின் அல்ல, எடை.

ஆகவே கலப்பை இழுக்க வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது கிலோவை, எச்.பி.யை அல்ல. டூ வீல் டிராக்டரில் பின்சக்கரங்களின் மேல் விழும் எடை மட்டுமே இழுப்புக்கு உதவும், முன்பக்க எடை சும்மா வரும் விருந்தாளி. சிறிய வண்டியில் ஃபோர் வீலுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் இல்லை என்பதற்கு இதுவே காரணம். எடை போதாதபோது நம் ஊரில் பின்டயருக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவார்கள். சிறிய டயரே ஐம்பது கிலோ அளவுக்குக் கூடுதல் எடை பெற்றுவிடும், இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

எடை போதுமா என்று பார்க்க ஒரு சாக்பீஸ் இருந்தால் போதும். பின்டயரின் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிவைத்துக்கொண்டு பத்துச் சுற்றுக்கு வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்று அடையாளம் வையுங்கள்; பிறகு கலப்பையை இறக்கி அதே பத்துச் சுற்றை அளந்து பாருங்கள். முதலில் 30 மீட்டரும் பிறகு 26 மீட்டரும் வந்தால் வழுக்கல் 13 சதவீதம், இது நல்ல அளவு. இருபதைத் தாண்டினால் டயரும் டீசலும் வீணாகின்றன. ஐந்துக்குக் கீழே இருந்தால் தேவைக்கு மீறிய எடையைத் தோப்பு முழுவதும் சுமந்து திரிகிறீர்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இழுப்புக்கு எடை வேண்டும். ஆனால் எடை கூடினால் மண் இறுகும், டீசல் கூடும், விலையும் கூடும். தேவைப்படும் நொடியில் மட்டும் எடை கூடி, மற்ற நேரத்தில் வண்டி இலேசாகவே இருந்தால் எப்படி இருக்கும்? நடக்காத காரியம் போலத் தோன்றும் இதை அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் நடத்திக் காட்டினார். 1909-ஆம் ஆண்டின் கடைசி நாளில், தானே கட்டிய விமானத்தில் அயர்லாந்தில் பறந்து காட்டிய அதே மனிதர்தான். உங்கள் டிராக்டரின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூன்று கம்பிகள் அவருடைய யோசனை. எனக்குப் பொறியியலில் இதைவிடப் பிடித்த பொருள் அதிகம் இல்லை.

அவருக்கு முன்பு, மாட்டுக்குப் பின்னால் கட்டுவது போலவே கலப்பையை டிராக்டருக்குப் பின்னால் ஒற்றைப் புள்ளியில் சங்கிலியாலோ கொக்கியாலோ மாட்டினார்கள். கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ சிக்கி நின்றுவிட்டால், சக்கரமும் நின்றுவிடும், ஆனால் எஞ்சின் நிற்காது. சக்கரத்தைச் சுற்ற முடியாத எஞ்சின், சக்கர அச்சைச் சுற்றி வண்டியையே சுற்றப் பார்க்கும். முன்பக்கம் தூக்கிக்கொண்டு, ஓட்டுபவர் மேல் பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். இன்றைக்கும் அடிமரத்தைப் பிடுங்குவதற்காகப் பின்னச்சுக்கு மேலே சங்கிலி கட்டி இழுப்பவர்களுக்கு இதே விபத்துதான் நேர்கிறது.

பெர்குசன் செய்தது இதுதான்: கீழே இரண்டு கம்பிகள், மேலே ஒன்று. கீழ்க் கம்பிகள் கலப்பையை இழுக்கின்றன. மண் கலப்பையின் அடிநுனியைப் பின்னுக்குத் தள்ளும்போது, கலப்பையின் தலைப்பகுதி முன்னோக்கிச் சாய முற்படுகிறது. அந்தச் சாய்வை மேல் கம்பியான டாப் லிங்க் தாங்கி, டிராக்டரின் உடம்பை முன்னோக்கித் தள்ளுகிறது. இந்தத் தள்ளல் அச்சுக்கு மேலே விழுவதால் முன்பக்கத்தைத் தரையோடு அழுத்துகிறது. கலப்பை எவ்வளவு கடினமாகச் சிக்குகிறதோ, வண்டியின் மூக்கு அவ்வளவு உறுதியாகக் கீழே நிற்கும். முன்பு ஆளைக் கொன்ற விசையே இப்போது ஆளைக் காக்கும் விசையாக மாறிவிட்டது.

அதோடு அவர் நிறுத்தவில்லை. டாப் லிங்க் எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதை ஒரு சுருள்வில் மூலம் அளந்து, அந்த அளவைக் கொண்டே ஹைட்ராலிக் லிஃப்டை இயக்கினார். இறுகிய இடம் வந்ததும் வில் அமுங்கும், வால்வு திறக்கும், லிஃப்ட் கலப்பையை ஒரு விரற்கடை தூக்கும். தூக்கப்படும் கலப்பையின் எடையும், அதன் மேல் கிடக்கும் மண்ணின் எடையும் அந்த நொடியில் பின்சக்கரங்களின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. இறுக்கம் தாண்டியதும் வில் நீண்டு, கலப்பை பழைய ஆழத்துக்கு இறங்கிவிடும். உழும் வண்டிக்குப் பக்கவாட்டில் நடந்துகொண்டே லிஃப்ட் கைகளைக் கவனித்தால், ஓட்டுபவர் நெம்புகோலைத் தொடாமலேயே அவை மூச்சுவிடுவது போல மேலும் கீழும் அசைவதைக் காணலாம். எந்த மின்னணுப் பலகையும் இல்லாமல், ஒரு சுருள்வில்லும் எண்ணெயும் சேர்ந்து, வண்டிக்குக் கடன் எடையை வாங்கித் தந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன.

1938-இல் ஹென்றி ஃபோர்டோடு கைகுலுக்கி மட்டுமே செய்துகொண்ட ஒப்பந்தத்தால் இந்த ஏற்பாடு அமெரிக்காவுக்குப் போனது. 1953-இல் பெர்குசனின் நிறுவனம் கனடாவின் மாஸி ஹாரிஸோடு இணைந்தது. அந்தக் கிளையின் டிராக்டர்களைச் செய்யத்தான் 1960-இல் சென்னையில் டாஃபே தொடங்கப்பட்டது. 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலாரி தென்துருவத்தை அடைந்ததும் பெர்குசன் டிராக்டர்களில்தான். இன்று உலகின் எந்த நிறுவனத்தின் டிராக்டரை எடுத்தாலும் அந்த மூன்று கம்பிகள் இருக்கும். ஆனால் இழுவையை உணரும் ஏற்பாடு எல்லாச் சிறிய வண்டிகளிலும் இருப்பதில்லை. நம் நாட்டு விளம்பரத் தாள்களில் ஏ.டி.டி.சி. என்று அச்சடித்திருப்பது அதைத்தான். கலப்பை ஓட்டுகிறவருக்கு அந்த நான்கு எழுத்துகள் ஏழு எச்.பி.யைவிட மதிப்புள்ளவை.

சுழலும் கத்திகளால் மண்ணை வெட்டும் ரோட்டவேட்டரை மாட்டியதும் கணக்கு தலைகீழாகிறது. அங்கே எஞ்சினின் திறன், கருவிகளைச் சுற்றுவதற்கென்றே வண்டியின் பின்னால் இருக்கும் பி.டி.ஓ. தண்டு வழியாக நேரே கத்திகளுக்குப் போகிறது. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுற்றும். கத்திகள் சக்கரம் சுற்றும் திசையிலேயே சுற்றி மண்ணை வெட்டுவதால், ரோட்டவேட்டர் வண்டியை இழுத்துப் பிடிப்பதற்குப் பதிலாகப் பின்னாலிருந்து உந்தித் தள்ளுகிறது. எடை, பிடிமானம், ஏ.டி.டி.சி. எதுவும் இங்கே பெரிதில்லை, முழுக்க எச்.பி.தான். அதிலும் எஞ்சின் எச்.பி.யை விட்டுவிட்டு, பி.டி.ஓ. எச்.பி. எவ்வளவு என்று கேட்க வேண்டும். இந்த எண்களும் உண்மையான இழுவிசையும் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசின் பரிசோதனை நிலையம் வெளியிடும் அறிக்கைகளில் மாடல்வாரியாக இருக்கின்றன. மானியத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கைச் செலவிட்டு அந்த எண்களைத் தமிழில் இரண்டு பக்க அட்டவணையாக ஒவ்வொரு வேளாண் விரிவாக்க மையத்திலும் ஒட்டி வைக்கலாம் என்பது என் நெடுநாள் ஆதங்கம். அது இல்லாத இடத்தைத்தான் விற்பனையாளரின் வாய்ச்சொல்லும், ராசிக்கேற்ற நிறமும் பிடித்துக்கொள்கின்றன. புது வண்டியின் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பழம் வைக்கக் குனிந்தவர் அப்படியே டயரின் காற்றழுத்தத்தையும் பார்த்துவிட்டு எழுந்திருக்கலாம்.

இனி ஆனைமலைத் தோப்புக்கு வருவோம். 25 அடி இடைவெளித் தென்னையில், இரண்டு வரிசைக்கு நடுவே கோகோ என்றால், தென்னைக்கும் கோகோவுக்கும் இடையே பன்னிரண்டரை அடி. தென்னையின் உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி ஆறடிக்குள் இருப்பதால் அதை விட்டுவிட வேண்டும். கோகோவின் மேல்வேர்களுக்கும் தாழ்ந்த கிளைகளுக்கும் மூன்றடி விட்டால் மிஞ்சுவது மூன்றரை அடி. அங்கே மூன்றடி ரோட்டவேட்டர்தான் நுழையும். அதைச் சுற்ற 20 எச்.பி. வண்டி போதும். 27 எச்.பி.யின் பயனே அகலமான ரோட்டவேட்டரைச் சுற்றுவதில்தான் இருக்கிறது. அதற்கு இந்தத் தோப்பில் இடமில்லை. மண் இறுகுவதைப் பற்றியும் அவர் கேட்டிருக்கிறார். இரண்டு வண்டிகளுக்கும் இடையிலான வேறுபாட்டைவிட, ஈர மண்ணில் காய் ஏற்றிய டிரெய்லர் செய்யும் கேடு பெரிது. உரிக்காத தேங்காய் ஆயிரம் என்றாலே ஒரு டன்னைத் தாண்டிவிடும். டிரெய்லருக்கு என்று ஒரே தடத்தை ஒதுக்கிவிடுவது நல்லது. தோப்பு சரிவாக இருந்து, டிரெய்லரை இறக்கத்தில் கொண்டுவர வேண்டியிருந்தால், நிறுத்துவதற்கும் பிடிமானம் வேண்டும் என்பதால், எடை கூடிய வண்டியின் பக்கம் நானும் சாய்வேன்.

மட்டை ஒன்றுதான் இந்த முடிவை மாற்றக்கூடியது. ஏக்கருக்கு 70 மரம் என்றால் நான்கு ஏக்கரில் 280 மரங்கள். மரத்துக்கு மாதம் ஒரு மட்டை விழுந்தால் ஆண்டுக்கு மூவாயிரத்து முந்நூறுக்கு மேல். அவற்றை எரிக்காமல் தூளாக்கி வட்டப்பாத்தியில் மூடாக்காகப் போடுவது அவருடைய எண்ணமாக இருந்தால், அது முழுக்க முழுக்க பி.டி.ஓ. வேலை, அங்கே ஏழு எச்.பி. உண்மையிலேயே ஏழு எச்.பி.தான். தூளாக்கும் கருவியின் தகட்டில் எத்தனை பி.டி.ஓ. எச்.பி. வேண்டும் என்று பொறித்திருப்பதைப் பார்த்துவிட்டு, அதற்கு 27 எச்.பி. வண்டியாவது போதுமா என்று கணக்கிட வேண்டும். அதுவும் போதாது என்றால், ஆண்டுக்கு இரண்டு முறை பெரிய வண்டியோடு கருவியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஏ.டி.டி.சி. உள்ள 20 எச்.பி. ஃபோர் வீல் வண்டியை அவர் வாங்கலாம்; புகைக்குழாய் மேல்நோக்கி நிற்கும் மாடலாக இருந்தால் மட்டும், கோகோக் கிளைகளின் உயரத்தை ஒரு கோலால் அளந்துகொண்டு கடைக்குப் போகட்டும்.