வானிலிருந்து எடுத்த படத்தை வைத்து வேலித் தகராறு வேண்டாம்

கரும்பு வெட்டு தொடங்கியிருந்த ஒரு ஜூலை மாதத்தில் பெரியவர் ஒருவர் தம் மகளுடன் என் அலுவலகத்துக்கு வந்தார். குடியிருப்பது ரோஸ் ஹில்லில். அவருடைய தந்தை விட்டுப்போன 10 பெர்ஷ் (சுமார் 422 சதுர மீட்டர்) நிலம் மொரீஷியஸின் வடக்கே ஒரு கிராமத்தில் இருக்கிறது. கைபேசி வரைபடத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கடையில் கொடுத்து வண்ணத்தில் அச்சிட்டு வந்திருந்தார்கள். பக்கத்து மனையில் புதிதாக எழும்பிய இரண்டடுக்கு வீட்டின் கூரை, எல்லைச் சுவரையே மறைத்துக்கொண்டு, இவர்கள் நிலத்துக்குள் மூன்று மீட்டர் புகுந்திருப்பதுபோல் அந்தத் தாளில் தெரிந்தது. "விண்வெளியிலிருந்து எடுத்த படம் பொய் சொல்லுமா, ஐயா?" என்று கேட்டார் மகள். மறுநாள் வழக்குரைஞரைப் பார்ப்பதாக இருந்தார்கள்.

செயற்கைக்கோள் படங்களைப் படித்துப் பொருள் சொல்வதே என் தொழில் என்பதால், இந்தக் கேள்வியைப் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். படம் பொய் சொல்லவில்லை. அது எந்தக் கோணத்திலிருந்து பேசுகிறது என்பதை நாம்தான் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

அந்தத் தாளை மேசை விளக்கின் அடியில் வைத்துப் பார்த்தேன். வீட்டின் மேற்குச் சுவர் படத்தில் தெரிந்தது; அதில் மூன்று ஜன்னல்கள் கறுத்த திட்டுகளாக இருந்தன. நேர் மேலிருந்து எடுத்த படமாக இருந்தால் கூரை மட்டுமே தெரியுமே தவிர, எந்தச் சுவரும் தெரிய வழியில்லை. அப்படியானால் செயற்கைக்கோள் மேற்குப் பக்கமாக நின்று சாய்வாகப் பார்த்திருக்கிறது. செங்குத்திலிருந்து 25 பாகை சாய்வில் எடுத்தால், 7 மீட்டர் உயரமுள்ள கூரை படத்தில் ஏறக்குறைய 3.3 மீட்டர் தள்ளி விழும். நிலமட்டத்தில் இருப்பவை தம் இடத்தில் இருக்க, உயரமானவை மட்டும் ஒரே திசையில் சாய்ந்துகொள்ளும். வேறொரு நாளில் எடுத்த படத்தைக் கணினியில் திறந்து காட்டினேன். அதில் கிழக்குச் சுவர் தெரிந்தது. அதே கூரை மறுபக்கம் சாய்ந்திருந்தது. இடையில் எல்லைச் சுவரின் நிழல் மெல்லிய கோடாக ஓடியது. பெரியவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மகளின் கையிலிருந்த தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சுவரைச் சொல்லாமல் அதன் நிழலைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இன்று வணிகச் சந்தையில் கிடைக்கும் மிகக் கூர்மையான படங்களைத் தரும் செயற்கைக்கோள்களுள் ஒன்றான வேர்ல்டுவியூ-3, 2014ஆம் ஆண்டு ஏவப்பட்டு 617 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. நேர் கீழே பார்க்கும்போது அதன் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் 31 சென்டிமீட்டர் சதுரம். நம் ஊர்க் கல்சுவரின் கனமே 20 சென்டிமீட்டர் என்றால், சுவர் ஒரு புள்ளிக்குள் அடங்கிப் பக்கத்துப் புல்லோடு கலந்துவிடுகிறது.

புள்ளியின் அளவை நாம் பழகிய பெர்ஷ் கணக்கில் சொல்லிப் பார்த்தால் விஷயம் உடனே விளங்கும். ஒரு பெர்ஷ் 42.21 சதுர மீட்டர். 10 பெர்ஷ் மனையை வேர்ல்டுவியூ-3 சுமார் 4,400 புள்ளிகளால் வரைகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 இலவசமாகத் தரும் படங்களில் ஒரு புள்ளி 10 மீட்டர் சதுரம் என்பதால், அதே மனைக்கு நான்கு புள்ளிகள்தான் கிடைக்கும். அமெரிக்காவின் லேண்ட்சாட் வண்ணப் படங்களிலோ ஒரு புள்ளி 30 மீட்டர். 21 பெர்ஷுக்கும் மேற்பட்ட நிலம் ஒரே நிறமாகக் கலந்துபோகும். கைபேசியில் விரல்களை விரித்துப் பெரிதாக்கினால் புள்ளிதான் பெரிதாகும்; புதிய விவரம் எதுவும் வந்து சேராது. ஆனாலும் தீவு முழுவதும் கரும்பு எங்கே வாடுகிறது என்று அறிய எனக்கு 31 சென்டிமீட்டர் படம் தேவையில்லை. இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை தரும் சென்டினல்-2 படம் அந்த வேலைக்கு மிகச் சிறந்தது. தரம் என்பது கூர்மை மட்டுமன்று.

கைபேசி வரைபடத்தில் மேகமே இல்லாத தீவைப் பார்க்கிறோம். வெவ்வேறு நாட்களின், சில இடங்களில் வெவ்வேறு ஆண்டுகளின் படங்களில் தெளிவானவற்றை வெட்டி ஒட்டித்தான் அப்படி ஒரு பரப்பு உருவாகிறது. மிக நெருங்கிப் பார்க்கும் இடங்களில் விமானத்திலிருந்து எடுத்த படமும் கலந்திருக்கலாம். ஆகவே ஒரு வயலில் கரும்பும் அதை ஒட்டிய வயலில் வெறும் மண்ணும் தெரிந்தால், பக்கத்துக்காரர் முந்திக்கொண்டு வெட்டிவிட்டார் என்று பொருளாகாது. தேதி தெரியாதபோது நான் நிழலைப் பார்க்கிறேன். இத்தகைய செயற்கைக்கோள்களில் பல, காலை பத்தரை மணியளவில்தான் நம்மைக் கடக்கின்றன. ஜூன் மாதத்தில் அந்நேரம் சூரியன் வடகிழக்கே தாழ்ந்திருப்பதால் நிழல் தென்மேற்கே நீளும். டிசம்பரில் அது குறுகி மேற்கே ஒதுங்கும். மேலிருந்து பார்க்கும்போது கோயில் கோபுரம் வெறும் சிறு செவ்வகம்; ஆனால் குளிர்காலப் படங்களில் அதன் முழு வடிவத்தையும் நிழல் தரையில் வரைந்து வைத்திருக்கும். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

நிறத்தில் ஏமாறுவது இன்னும் எளிது. லெ மோர்ன் அருகே கடலுக்கடியில் அருவி விழுவதாகப் பரவும் படத்தில் விழுவது எதுவுமில்லை. ஆழமற்ற பரப்பிலிருந்து ஆழ்கடல் நோக்கி நீரோட்டம் இழுத்துச் செல்லும் மணலும் வண்டலும் அப்படித் தோற்றம் தருகின்றன. 2020 ஜூலை 25 அன்று புவாந்த் தெஸ்னியில் வகாஷியோ கப்பல் பவளத்திட்டில் மோதி, ஆகஸ்டு 6 அன்று எண்ணெய் கசியத் தொடங்கியபோது, கரையோரக் கருந்திட்டுகளைச் சிவப்பு வட்டமிட்ட படங்கள் எனக்கு வந்துகொண்டே இருந்தன. விபத்துக்கு முந்தைய மாதத்துப் படத்தை எடுத்து ஒப்பிட்டேன். வட்டமிட்டவற்றில் சில, அதற்கு முன்பும் அங்கேயே இருந்த கடற்புல் படுகைகள். உண்மையான எண்ணெய் வேறிடத்தில் மெல்லிய படலமாகக் கிடந்தது. சுமார் 300 மீட்டர் நீளமான அந்தக் கப்பலே சென்டினல்-2 படத்தில் 30 புள்ளி நீளம்தான். கடற்புல்லுக்கும் எண்ணெய்ப் படலத்துக்கும் உள்ள வேற்றுமையைக் காட்ட, வெளிச்சத்தை 4,096 படிநிலைகளாகப் பிரித்துப் பதிந்த மூலக்கோப்பு வேண்டும். வாட்ஸப் வழியே நசுங்கி வரும் நகலில் அது 256 படிகளாகச் சுருங்கி, படலமும் மறைந்துவிடுகிறது.

புயல் படங்களிலும் இப்படித்தான். 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மீட்டியோசாட் என்ற வானிலைச் செயற்கைக்கோள் அனுப்பும் அகச்சிவப்புப் படத்தில் கருஞ்சிவப்பாகத் தெரிவது மேக உச்சியின் குளிர்ச்சிக்கு நாம் பூசிய வண்ணம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை அடித்துச் சென்ற வெள்ளத்தை அத்தகைய படத்தில் தேட முடியாது. அதற்கு வானிலை அறிக்கையைத்தான் கேட்க வேண்டும்.

எல்லைக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர், சத்தியப்பிரமாணம் செய்த நில அளவையாளர். பத்திரத்தையும் எல்லைக்கல்லையும் வைத்து அவர் அளப்பார். தரையில் துல்லியமாக அளந்த குறிகளைக் கொண்டு திருத்தப்படாத நிலையில், 31 சென்டிமீட்டர் படமும் இடத்தைக் காட்டுவதில் சில மீட்டர் விலகக்கூடும். பெரியவரை அவரிடம்தான் அனுப்பினேன். இனி என்னிடம் படம் அனுப்புகிறவர்கள் ஸ்க்ரீன்ஷாட் அனுப்ப வேண்டாம். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும், கூகுள் எர்த் கணினித் திரையின் அடியில் காட்டும் படத்தேதியையும் எழுதி அனுப்புங்கள். வேறு தேதிகளின் படங்களை நானே எடுத்து ஒப்பிட்டுச் சொல்கிறேன்.