ரா ஸ்வீட்: தமிழில் எப்படிச் சொல்வது?

பேரீச்சம்பழத்தையும் பாதாமையும் அரைத்து உருட்டிய உருண்டை, ஊறவைத்த முந்திரியை விழுதாக்கிக் குளிரவைத்த கேக், கொக்கோ தூவிய அத்திப்பழத் துண்டு. இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக 'ரா ஸ்வீட்' என்ற சொல் புழங்குகிறது. அடுப்பில் ஏற்றாமல் செய்த இனிப்பு என்பதுதான் பொருள். இதில் கறாரானவர்கள் வெப்பத்துக்கு ஒரு வரம்பும் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் மாறினாலும் பெரும்பாலும் 40 முதல் 48 டிகிரி செல்சியஸுக்குள் வரும். அதைத் தாண்டினால் உணவிலுள்ள நொதிகள் (என்சைம்கள்) அழிந்துவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்த நொதிகளில் பெரும்பாலானவை வயிற்று அமிலத்தில் எப்படியும் சிதைந்துவிடும், அது வேறு கதை.

ஆங்கிலத்தின் 'ரா' பழைய ஆங்கிலத்தில் 'ஹ்ரேயவ்' என்று இருந்தது. அதன் இந்தோ-ஐரோப்பிய வேர் பச்சை இறைச்சியையும் இரத்தத்தையும் குறித்தது. பச்சை மாமிசத்தைக் குறிக்கும் வடமொழி 'கிரவ்ய', லத்தீனின் 'க்ரூடுஸ்' எல்லாம் இதே குடும்பம். ஜெர்மன் மொழியில் இதன் உறவு 'ரோ'. சமைக்காத காய்கனி உணவுக்கு அங்கே 'ரோகோஸ்ட்' என்று பெயர். சுவிஸ் மருத்துவர் பிர்ஹர்-பென்னர் 1900-ஐ ஒட்டித் தன் நோயாளிகளுக்கு ஊறவைத்த ஓட்ஸும் துருவிய ஆப்பிளும் கொட்டைகளும் கொடுத்தார். அந்த 'ம்யூஸ்லி' இந்த உணவுமுறை பரவியதில் ஒரு முக்கியமான படி. இரத்த வாடையோடு பிறந்த சொல் கடைசியில் பழத்துக்கும் கொட்டைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழில் இதற்கு நேராக நிற்கும் சொல் 'பச்சை'. நம் சொல் இலையிலிருந்து வந்தது. பசுமை, பசுந்தளிர், பைங்கிளி எல்லாம் ஒரே வேர். நிறத்தில் தொடங்கி, முற்றாதது, ஆறாதது, தீயில் படாதது என்று பொருள் விரிந்துகொண்டே போனது. பச்சைக் குழந்தை, பச்சைப் புண், பிள்ளை பெற்றவளின் பச்சை உடம்பு. காய்ச்சாத தண்ணீர் பச்சைத் தண்ணீர், காய்ச்சாத பால் பச்சைப் பால், புழுக்காத நெல்லின் அரிசி பச்சரிசி. 'பச்சை வாசனை போகும்வரை வதக்கவும்' என்று எழுதாத சமையல் குறிப்பு உண்டா? இந்தப் பொருள் புதியதும் இல்லை. திருக்குறளின் 660-ஆம் குறளில் வரும் 'பசுமட்கலம்' சுடாத மண்பானைதான். தீயில் வேகாத மண் 'பசுமண்'.

அப்படியானால் 'பச்சை இனிப்பு' என்று சொல்லிவிடலாமே? இங்கேதான் சிக்கல். பால், முட்டை, தண்ணீர் போன்றவற்றுக்கு முன்னால் வந்தால் 'பச்சை' சமைக்காததைக் குறிக்கிறது. இனிப்புக்கு முன்னால் வந்தாலோ பச்சை நிறச் சாயம் போட்ட மிட்டாய்தான் கண்முன் வருகிறது. 'வேகாத இனிப்பு' என்றால் வேகவேண்டியது அரைகுறையாக நின்றுவிட்டது போலிருக்கும். 'அடு' என்பது சமைப்பதற்கான பழைய வினை, அடுப்பும், சமையலறையைக் குறிக்கும் அட்டிலும் அதிலிருந்து வந்தவை. ஆனால் 'அடாத இனிப்பு' என்று எழுதினால் அடாத செயல் நினைவுக்கு வந்து சிரிப்புதான் மிஞ்சும்.

பலரும் கையாள்வது 'இயற்கை இனிப்பு'. எனக்கு இதில் உடன்பாடில்லை. தேனும் இயற்கை, கரும்புச்சாறும் இயற்கை. அந்தச் சொல் எதையும் வரையறுக்காமல் நல்லது என்ற எண்ணத்தை மட்டும் விதைத்துவிடுகிறது. 'அடுப்பில்லா இனிப்பு' தேவலை. என்றாலும் வறுத்த கொட்டை, பிஸ்கட் தூள், டின் பால் சேர்த்து அடுப்பில்லாமல் செய்வதும் அதற்குள் வந்துவிடும். 'சமைக்காத இனிப்பு' என்பதே என் தேர்வு. சமைத்தல் என்றால் உருவாக்குதலும்தானே என்று ஒரு இலக்கணக்காரர் கேட்கலாம். சரிதான், ஆனால் இன்று சமையல் என்றதும் காதில் விழுவது அடுப்பு.

இந்தச் சொல்லிலும் முழு உண்மை இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பச்சை முந்திரி என்று விற்பது பெரும்பாலும் பச்சையே அல்ல. ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருப்பதால் ஆவியிலோ சூட்டிலோ பதப்படுத்திய பிறகுதான் உடைப்பார்கள். கொக்கோ விதை நொதிக்கும்போதே குவியலின் சூடு 45, 50 டிகிரிக்குப் போய்விடும். ஓட்ஸ் தட்டையாகும் முன் ஆவியில் வெந்தது. பாதாமால் சால்மொனெல்லா என்ற குடல் கிருமியின் தொற்று பரவிய பிறகு, 2007 முதல் அமெரிக்காவில் கலிபோர்னியா பாதாமைக் கிருமிநீக்கம் செய்தே விற்க வேண்டும் என்று விதி வந்தது. அப்படிச் செய்த பாதாமின் உறையிலும் 'ரா' என்றே போட்டுக்கொள்ளலாம்.

உடல்நலத்துக்கு வருவோம். 'சமைக்காத' என்பது தீ படவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது, சர்க்கரை இல்லை என்று சொல்லவில்லை. 100 கிராம் பேரீச்சம்பழத்தில் 60 கிராமுக்கு மேல் சர்க்கரை. அதோடு 100 கிராம் பாதாம் சேர்த்து, எண்ணெய் கசிந்து விரலில் பிசுபிசுக்கும்வரை அரைத்து, 12 உருண்டை பிடித்தால் ஒவ்வொன்றிலும் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை, சுமார் 70 கலோரி. நெல்லிக்காய் அளவுதானே என்று நாலைந்தை வாயில் போட்டுக்கொண்டால் ஒரு சாப்பாட்டின் கணக்கு ஏறிவிடும். நார்ச்சத்தும் கொழுப்பும் சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதைக் கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவே. நீரிழிவு உள்ளவர்கள் இதையும் மாவுச்சத்துக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும். தேன், பழச்சாற்றுப் பாகு ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே வகையில்தான் வைக்கிறது. நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் என்பது 2015-இல் அது சொன்ன அளவு.

இன்னொன்று கிருமி. காய்ந்த கொட்டையில் கிருமி இருந்தாலும் பெருகாது, ஊறவைத்தால் பெருகும். அதனால் முந்திரியை குளிர்பெட்டியிலேயே ஊறவையுங்கள், ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவுங்கள். 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். உலர்த்தும் கருவியை ரா வரம்புக்குள் ஓட்டினால் பண்டம் கிருமிக்குப் பிடித்த அந்தச் சூட்டிலேயே மணிக்கணக்கில் கிடக்கும். மெல்லிசாகப் பரப்பி, ஈரம் சீக்கிரம் போகும்படி செய்வது நல்லது. இந்த இனிப்பில் பச்சை மாவு சேர்க்கவே கூடாது. மாவும் கிருமிநீக்கம் ஆகாத பொருள்தான்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்த்தது வேண்டாம், பொட்டுலிசம் என்ற நச்சுநோய் வரலாம். சின்னப் பிள்ளைகளுக்கு முழுக் கொட்டை தொண்டையில் அடைக்கும், அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு பாதாம், முந்திரி, கொக்கோ மூன்றிலும் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் அதிகம் என்பது தெரிந்திருக்கட்டும். பிறருக்குக் கொடுக்கிற டப்பாவில் 'சமைக்காத இனிப்பு' என்று ஒட்டினால், அடியிலேயே எந்தக் கொட்டை சேர்ந்திருக்கிறது, என்று செய்தது என்ற இரண்டையும் எழுதிவிடுங்கள்.